உறுதியை யாரிடம் எழுதுவது?

“கல்லடியில் பதினைந்து பேர்ச் பார்த்தாச்சு, விலையும் பேசியாச்சு. விற்கிறவர் தனக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவர் இருக்கிறார் என்கிறார். அவரிடமே எழுதலாமா?” மாதத்தில் இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். இலங்கையில் நொத்தாரிசு என்றால் உறுதியை, அதாவது காணி கைமாறும் பத்திரத்தை, எழுதி அத்தாட்சிப்படுத்த உரிமம் உள்ளவர். நான் சட்டத்தரணி இல்லை. மட்டக்களப்பில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் ஒன்பது வருடம் உறுதி தட்டச்சு செய்தவன், தேடுதலுக்காகக் காணிப் பதிவகத்துக்கு நடையாய் நடந்தவன். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வழக்கறிஞரில் இரண்டு வகை இருந்த காலத்தில் எங்கள் பெரியவர்கள் ஒருவரை அப்புக்காத்து என்பார்கள், மற்றவரைப் பிரக்கிராசி என்பார்கள். 1974இல் இரண்டும் ஒன்றாகி எல்லாரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டார்கள். ஆனால் சட்டத்தரணி எல்லாரும் நொத்தாரிசு இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு “வாங்கிட்டம்” என்று சொல்வதில் பயனில்லை. நீதிமன்றத்தில் உங்களுக்காக நன்றாகப் பேசுகிறவர் என்பதற்காக அவரிடம் உறுதி எழுத முடியாது. நொத்தாரிசு உரிமம் இருக்கிறதா, எந்த மொழிக்கு, எந்த நீதிமன்ற வலயத்துக்கு என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். கட்டணத்தை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதலாவது, அவர் யாருடைய ஆள். எங்கள் வழக்கத்தில் நொத்தாரிசைத் தேர்வதும் காசு கொடுப்பதும் வாங்குகிறவர். அப்படியிருந்தும் பாதிப் பேர் விற்கிறவர் காட்டும் கந்தோருக்குப் போய் உட்காருகிறார்கள்.

இரண்டாவது, தேடுதல். பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவேட்டுத் தாளை எடுத்து, குறைந்தது முப்பது வருடம் பின்னால் போய், யார் யாருக்குக் கொடுத்தார், ஈடு (கடனுக்கு அடகு) இருக்கிறதா, பங்கு வழக்கு பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு மட்டக்களப்பிலும், அம்பாறை மாவட்டத்துக்குக் கல்முனையிலும் அம்பாறையிலும் பதிவகங்கள் இருக்கின்றன. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதனால் கல்முனைப் பக்கத்துப் பழைய உறுதிகளில் “மட்டக்களப்பு மாவட்டம், கரைவாகு பற்று” என்று இருக்கும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் எந்தப் பதிவகத்தில் எவ்வளவு பின்னுக்குத் தேட வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

மூன்றாவது, உங்கள் காணியின் வகை அவருக்குத் தெரியுமா. எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே) வளவுக் காணி என்றால் பெரும்பாலும் தனியார் உறுதிதான். படுவான்கரையிலும் (வாவிக்கு மேற்கே) கல்லோயாக் குடியேற்றப் பக்கத்திலும் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியும், அளிப்புப் பத்திரத்தில் கொடுத்த அளிப்புக் காணியும் ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் முன்சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அப்படி எழுதிய உறுதி செல்லாது, நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. பெர்மிட்டை விற்கவே முடியாது. வயல் என்றால் கமநல சேவை நிலையத்து இடாப்பில் குத்தகைக்காரர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போடியார் (வயற் சொந்தக்காரர்) காணியை விற்றாலும் பதிந்த குத்தகைக்காரரின் உரிமை அந்த விற்பனையோடு போய்விடாது. பாசிக்குடா, கல்லடி போலக் கடலோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கண் இருக்கிறது. இதோடு மொழியும் சேரும். அம்பாறைப் பக்கத்துக் கோப்புகள் பல சிங்களத்தில், தாத்தா காலத்து உறுதிகள் ஆங்கிலத்தில். “யாரையும் வைத்து வாசிப்போம்” என்கிறவரிடம் போகாதீர்கள்.

நான்காவது, உறுதியை எப்போது பதிவார். ஐந்தாவது, கட்டணம். பேச்சு வழக்கில் பெறுமதியின் ஒரு வீதம் என்பார்கள், பேசிக் குறைக்கலாம். பெரிய செலவு முத்திரைத் தீர்வை. முதல் ஒரு இலட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நான்கு வீதம். அறுபது இலட்சம் ரூபாக் காணிக்கு 3,000 சக 2,36,000, ஆக 2,39,000 ரூபா. இது மாகாணத்துக்குப் போகிற காசு, யாரிடம் எழுதினாலும் மாறாது. ஆகவே நொத்தாரிசு கூலியில் பத்தாயிரம் குறைத்துவிட்டேன் என்று சந்தோஷப்படுகிறவர்கள் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. இனி, சனம் வழக்கமாகப் போகிற நான்கு வகை ஆட்களைப் பார்ப்போம்.

## விற்கிறவரின் நொத்தாரிசு, அல்லது தரகர் கூட்டிப்போகிறவர்

வேகம் என்றால் இதுதான். பழைய உறுதிகள், வரைபடம் எல்லாம் அவர் அலுமாரியிலேயே இருக்கும். திங்கள் பேசினால் வியாழன் கையெழுத்து. கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

மறைந்திருக்கிற செலவை நான் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். நொத்தாரிசு உறுதி எழுதமுன் பதிவகத்தில் தேடியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் வாங்குகிறவர் “தேடத் தேவையில்லை” என்று எழுத்தில் சொன்னால் அந்தக் கடமை விலகிவிடும். இந்தக் கடிதம் மூன்று வரிதான். “மேற்படி ஆதனம் தொடர்பாகத் தேடுதல் செய்யாமலே இவ்வுறுதியை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்பது மாதிரி. உறுதியின் மூன்று பிரதி, வதிவிடச் சான்று, அடையாள அட்டை நகல் எல்லாவற்றுக்கும் நடுவில் செருகியிருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் பக்கம் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே போவார். எத்தனையோ முறை நான்தான் விரலால் இடத்தைக் காட்டியிருக்கிறேன். யாரும் “இது என்ன தம்பி” என்று கேட்டதில்லை. ஏறாவூர்ப் பக்கம் ஒரு ஆசிரியர் இப்படி வாங்கிய காணியில் ஈடு பதிந்திருந்தது. அடுத்த வருடம் வீட்டுக் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அவர் எங்கள் கந்தோருக்கு வந்து சத்தம் போட்டார். கோப்பில் அவர் கையெழுத்து இருந்தது.

இன்னொரு இடம் உறுதியின் கடைசிப் பக்கம், நொத்தாரிசின் அத்தாட்சி. கைமாறு பணம் “என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது” என்று இருக்கிறதா, “முன்னரே பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்” என்று இருக்கிறதா, விற்கிறவரை நொத்தாரிசுக்கே தெரியுமா, சாட்சிகளுக்குத்தான் தெரியுமா என்பதெல்லாம் அங்கே இருக்கும். கள்ள உறுதி வழக்குகளில் முதலில் வாசிப்பது இந்தப் பந்தியைத்தான்.

அப்படியென்றால் இந்த வழி எப்போதும் கூடாதா? இல்லை. உங்கள் மாமாவிடமிருந்தே வாங்குகிறீர்கள், அந்தக் காணியின் கதை உங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும் என்றால் தாராளமாகப் போகலாம். தேடுதல் வேண்டாம் என்கிற கடிதத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

## குடும்ப நொத்தாரிசு

அப்பாவுக்கு எழுதியவர், அக்காவின் சீதன உறுதி எழுதியவர். எங்கள் மாவட்டங்களில் இவரின் பெறுமதி வேறு ஊர்க்காரருக்கு விளங்காது. இங்கே தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு மகளுக்குத்தான் போகிறது. கலியாணத்தோடு தாய் தகப்பன் நன்கொடை உறுதி எழுதுவார்கள். எழுதும்போது பலர் தங்கள் சீவிய உருத்தை ஒதுக்கிக்கொள்வார்கள். இரண்டாம் பக்கத்தில் காணி விபரத்துக்குக் கீழே, நீண்ட ஒரு வசனத்தின் நடுவில் அது இருக்கும். மகள் விற்கலாம், ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை தாய்க்கு. ஆரையம்பதியில் ஒரு வீட்டை வாங்க வந்தவரோடு நானும் பார்க்கப் போயிருந்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த ஆச்சி சிரித்துக்கொண்டு சொன்னா: “மகள்ட பேருக்கு எழுதிக் குடுத்த வீடுதான் மனே. நான் சாகுமட்டும் இதுக்குள்ளதான் இருப்பன்.” வாங்க வந்தவர் அதைப் பேச்சு என்று எடுத்தார். அது சட்டம். விற்பனை உறுதியில் ஆச்சியும் கையெழுத்து வைத்துத் தன் உருத்தை விட்டுக்கொடுக்காவிட்டால் வாங்கினவர் வாசலில்தான் நிற்க வேண்டும். குடும்ப நொத்தாரிசுக்கு இது கேட்காமலே தெரிந்திருந்தது, அந்த நன்கொடை உறுதியை எழுதியவரே அவர்.

காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் வாரிசுச் சொத்து என்றால் முஸ்லிம் சட்டப்படி பங்கு பிரியும். மூத்தவர் ஒருவர் வந்து “எல்லாரும் சம்மதம்” என்று சொன்னால் போதாது, எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது மரணசாதன வழக்கு முடிந்திருக்க வேண்டும். இதையும் ஊர் ஆள்தான் சட்டென்று பிடிப்பார்.

இவரின் பலவீனமும் அதே பரிச்சயம்தான். “அவங்கட அப்பாட காணிதானே, என்னத்தைத் தேடுற” என்று விட்டுவிடுவார். ஊருக்குப் பழக்கமில்லாத விஷயத்தில் தவறுவார். உதாரணமாக, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மட்டக்களப்பில் குடியிருக்கும் பெண் ஒருவர் விற்கிறார் என்று வையுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை ஆளோடு போகும் சட்டம், வாவியைக் கடந்ததும் கழன்றுவிடாது. அதற்கு உட்பட்ட மனைவி அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எங்கள் பக்கத்து நொத்தாரிசு இதைக் கேட்க மறந்து நான் பார்த்திருக்கிறேன்.

சீதன வீடு, பரம்பரை வளவு, அக்கம்பக்கத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்றால் இவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

## வங்கிப் பட்டியலில் உள்ள சட்டத்தரணி

கடன் எடுத்து வாங்குகிறீர்கள் என்றால் இவரைத் தவிர்க்க முடியாது. இவர் கேட்கிற பத்திரங்களின் பட்டியல் நீளம்: முப்பது வருட உரித்து (காணி யார் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்ற தொடர்ச்சி), புதிய நில அளவை வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, மாநகர அல்லது பிரதேச சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், காணி சபையின் கைக்குப் போகவில்லை என்று காட்டும் உரித்தாகாமைச் சான்றிதழ். சனம் சலித்துக்கொள்ளும். எனக்கு இவர்கள்மேல் மரியாதை. “காணி எனக்குச் சொந்தம்” என்று ஒருவர் தானே எழுதிப் பதிந்த வெளிப்படுத்தல் உறுதியைக் கொண்டுபோனால் வேறு இடங்களில் தலையாட்டுவார்கள், இவர் திருப்பி அனுப்பிவிடுவார். சுனாமியிலும் யுத்தத்திலும் பத்திரம் தொலைந்த பகுதிகளில் அப்படிப்பட்ட உறுதிகள் நிறைய உலாவுகின்றன. அந்த எழுத்து மட்டும் யாரையும் சொந்தக்காரர் ஆக்காது. உண்மையாகவே தொலைந்த பழைய உறுதி என்றால் பதிவகத்தில் உள்ள இரண்டாம் பிரதியிலிருந்து உறுதிப்படுத்திய நகல் எடுக்கலாம்.

ஆனால் இவர் வங்கியின் ஆள். காசு நீங்கள் கொடுத்தாலும் அறிக்கை போவது வங்கிக்கு. வங்கிக்கு வேண்டியது, கடன் திரும்பாவிட்டால் விற்க முடிகிற காணி. பக்கத்து வளவுக்காரர் வேலியை இரண்டடி உள்ளே போட்டிருக்கிறாரா, கிணறு பொதுவா, பாதை உரிமை எந்தப் பக்கம் என்பது வங்கியின் கவலை இல்லை. விற்பனை உறுதிக்கு ஒன்று, ஈட்டு உறுதிக்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் விழும். நாளும் இழுக்கும். இதற்கிடையில் விற்கிறவர் பொறுமையிழந்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. முற்பணம் கொடுக்கும்போதே காலக்கெடுவோடு விற்பனை ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதிப் பதிந்துவிடுவது நல்லது.

## கொழும்புச் சட்டத்தரணி

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அதிகம் நாடுவது இவரை. மின்னஞ்சலுக்குப் பதில் வரும், ஆங்கிலத்தில் கதைக்கலாம், மரியாதையாகவும் இருக்கும். கம்பனி பெயரில் வாங்குவது, வழக்கில் சிக்கிய காணி, பெரிய ஹோட்டல் நிலம் என்றால் இவர்தான் சரி.

சாதாரண வீட்டுக் காணிக்கு? அவருடைய வலயத்துக்குள் வைத்துத்தான் உறுதி கையெழுத்தாக வேண்டும். ஆகவே விற்கிறவரும் சாட்சிகளும் இரவு ரயில் ஏற வேண்டும், அல்லது தங்களுக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவம் எழுத வேண்டும். தேடுதல் எப்படியும் இங்கேதான் நடக்கும். சிரிப்பு என்னவென்றால், கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்துத் தேடச் சொன்னது பல தடவை எங்கள் கந்தோரைத்தான். நாங்கள் வாங்கிய கூலியையும் அவர் வாடிக்கையாளரிடம் கேட்ட கூலியையும் இங்கே எழுத மாட்டேன்.

வெளிநாட்டுக்காரர் யாரிடம் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் தடை இல்லை, வாரிசாக வரும் சொத்துக்கும் விலக்கு உண்டு. கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு “மச்சான் பேரில எழுதிப் பிறகு மாத்துவம்” என்று யோசனை சொல்கிற சட்டத்தரணி இருந்தால், அவர் கொழும்பானாலும் கொக்கட்டிச்சோலையானாலும் எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தின் கண்ணில் அது மச்சானின் காணி.

## ஒரு பார்வையில்

| | விற்கிறவரின் ஆள் | குடும்ப நொத்தாரிசு | வங்கிச் சட்டத்தரணி | கொழும்பு |
|---|---|---|---|---|
| யாருக்காக | விற்கிறவர், தரகர் | உங்கள் குடும்பம் | வங்கி | நீங்கள் |
| தேடுதல் | பெரும்பாலும் பெயருக்கு | மனிதரைப் பொறுத்தது | கடுமை | வேறு ஆள் மூலம் |
| ஊர் நடைமுறை | தெரியும், சொல்ல மாட்டார் | நன்றாகத் தெரியும் | ஓரளவு | குறைவு |
| மறைந்த செலவு | பிற்காலத்து வழக்கு | பழக்கத்தில் விட்ட ஓட்டை | இரட்டைக் கட்டணம், தாமதம் | பயணம், இடையாள் கூலி |
| எப்போது நல்லது | உறவுக்குள் விற்பனை | சீதனம், பரம்பரைக் காணி | கடன் எடுத்தால் | கம்பனி, சிக்கலான காணி |

## நான் செய்தது

சில வருடத்துக்கு முன் செங்கலடிப் பக்கம் எனக்கென்று இருபது பேர்ச் வாங்கியபோது இந்த நான்கில் எதையும் முழுதாகச் செய்யவில்லை. உரித்தைப் பார்க்க ஒருவர், உறுதி எழுத இன்னொருவர். முதலாமவருக்கு எழுதும் வேலை கிடையாது, உரித்து அறிக்கைக்கு மட்டும் காசு. காணி பிழை என்று சொன்னாலும் அவருக்கு அதே காசுதான். எழுதுகிற நொத்தாரிசுக்கு அப்படியில்லை: உறுதி நடந்தால்தான் கட்டணம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு இலட்சம் ரூபா மேசைக்கு மறுபக்கம் காத்திருக்கும்போது ஒரு சின்னச் சந்தேகம் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பதை ஒன்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

செலவு கூடும், ஒரு கிழமை போகும், எழுதுகிறவர் கொஞ்சம் முகம் சுளிப்பார். எனக்கு எழுதியவர், “என்ன, என்னில நம்பிக்கை இல்லையா” என்றே கேட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். ஐந்தாறு இலட்சத்துக்கு ஒரு துண்டு வாங்குகிறவருக்கு இது அதிகப்படி. நாற்பது, ஐம்பது இலட்சம் போடுகிறவர் இதைத் தவறவிடுவது எனக்கு விளங்காத மிச்சம் பிடிப்பு.

## விற்கிறவர்களுக்கு

உங்கள் பிரச்சினை சின்னது. வாங்குகிறவரின் நொத்தாரிசிடமே போங்கள், ஆனால் உறுதி வரைவை இரண்டு நாள் முன்னதாக வாங்கி, உங்களுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். காசு வங்கிக் காசோலையாக, அத்தாட்சியில் இலக்கத்தோடு வரட்டும். முத்திரைத் தீர்வையைக் குறைக்கப் பெறுமதியைக் குறைத்து எழுதலாம் என்று ஒருவர் சொல்வார். மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியைக் கேட்டு மிச்சத்தை அறவிடலாம், மறைத்த காசை நீங்கள் வங்கியில் போடும்போதும் கேள்வி வரும். மூலதன ஆதாய வரி (விற்ற இலாபத்துக்கான வரி) உங்களுக்கு உண்டா என்று கையெழுத்துக்கு முன்னமே கேட்டுவிடுங்கள்.

## கையெழுத்துக்குப் பிறகு

நான்காவது அளவுகோலைச் சொல்லிவிட்டு விளக்காமல் வந்துவிட்டேன். நொத்தாரிசு இரண்டாம் பிரதிகளையும் மாதப் பட்டியலையும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்பினால் போதும். மாதம் பிறந்து இரண்டாம் நாள் கையெழுத்து வைத்தால் நாற்பது நாளுக்கு மேல் இடைவெளி. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, அதே காணியைப் பணம் கொடுத்து வாங்கிய இன்னொருவர் முந்திப் பதிந்துவிட்டால், மோசடியோ கூட்டுச் சதியோ இல்லாதவரை அவருடைய உறுதிக்குத்தான் முதலிடம். ஆகவே யாரைத் தேர்ந்தாலும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: “மூல உறுதியை எத்தனை நாளில் பதிவுக்குக் கொடுப்பீங்கள்?” “அது பிறகு பார்ப்பம்” என்றால் அடுத்த கந்தோர்.

பதிந்து வரும் உறுதியில் பதிவேட்டுத் தாளின் இலக்கம் போட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, சில கிழமை கழித்து நீங்களே பதிவகத்துக்குப் போய் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கடைசி வரியில் உங்கள் பெயரும் உறுதி இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும், அதற்குக் கீழே வேறு எதுவும் இருக்கக் கூடாது.